முதல்ல சாப்பிடு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா தைலம் தேய்த்துவிடுகிறாளா, இல்லை வழக்கம்போல அவளுக்கு டிமிக்கி கொடுக்கிறீர்களா?

இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, பயப்படாதீர்கள். போன வாரம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டை இஸ்திரிப் பெட்டியால் தீய்த்துவிட்டேன். சூப்பர்வைசர் அம்மா, "சரி விடு, பழசுதான்" என்று போய்விட்டார். நான்தான் விடவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் வாழப்போன வீட்டில் கை தவறினால் அன்றைக்குச் சோறு கிடையாது, உங்களுக்குத்தான் தெரியுமே. அங்கிருந்து வந்த பிறகும் அந்தச் சட்டத்தை எனக்கு நானே போட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டாள். "தீஞ்சது கோட்டு. வயிறு என்னடி பண்ணுச்சு?" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஒற்றைப் பையோடு நான் திரும்பி வந்த நாள் ஞாபகம் வந்தது. நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தட்டைப் போட்டு, "முதல்ல சாப்பிடும்மா" என்றீர்கள். அதையே எனக்கு நான் சொல்லிப் பார்த்தேன். ஆறிப்போன சோறுதான், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அன்று நீங்கள் போட்ட சோறு இன்னும் பசியாற்றுகிறது அப்பா.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், விளிம்பு நசுங்கிய என் தட்டைக் கொடுத்தனுப்புங்கள். தனி ஆளுக்கு எதற்கு என்று டப்பா மூடியிலேயே சாப்பிட்டுப் பழகிவிட்டேன். இனி எனக்கும் பரிமாற வேண்டும்.

இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலை நம்பவே மாட்டீர்களே, இனி நம்பலாம்.

உங்கள் மகள்