தாத்தாவின் சாப்பாட்டு ஜெபம்

ஏப்ரல் 8, ஞாயிறு

இன்று ஆலயத்தின் கீழ்த்தளச் சாப்பாட்டு அறையில் போதகர் இரண்டே வரியில் ஜெபத்தை முடித்துவிட்டார். நூடுல்ஸ் வந்தபாடில்லை. வெறும் கிம்ச்சி ஊறுகாயைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சமையலறைப் பொறுப்பு, சபைக்கே அத்தையான ஓக்-பூன் அத்தைக்கு. அவளுக்கு ஒரே எரிச்சல். "மூப்பர் போய் வருஷமாகப் போகுது, எப்ப நூடுல்ஸைப் போடறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல போ!"

மூப்பர் என்றால் என் தாத்தா, பியோ சங்-மோ. மதியச் சாப்பாட்டுக்கு ஜெபிப்பது அவர் உரிமை. யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டது. யாருக்கு மூட்டுவலி, யார் மகன் மறுபடியும் ஓட்டுநர் தேர்வில் கோட்டைவிட்டான், எந்த மருமகள் மாமியாரோடு பேசுவதில்லை... அத்தனையையும் பேர் சொல்லிக் கர்த்தரிடம் ஒப்புவிப்பார். பிறகு நாடு. கடைசியில், தான் பிறந்து, நாடு இரண்டான சண்டைக் காலத்தில் விட்டுவந்த வடக்கில் இருக்கும் சகோதரர்கள். 'வடக்குச் சகோதரர்கள்' என்று காதில் விழுந்ததும்தான் அத்தை நூடுல்ஸைக் கொதிநீரில் போடுவாள். அதற்கு முன்னால் போட்டால் களிதான்.

ஏப்ரல் 11, புதன்

வரும் 21ஆம் தேதி, சனிக்கிழமை, தாத்தாவின் முதல் வருட நினைவு ஆராதனை. எங்கள் வீட்டில்தான். அப்பா இப்போதே ஜெபத்தை எழுத ஆரம்பித்துவிட்டார். அவரும் மூப்பர்தான், ஆனால் எழுதிப் படிக்கிற மூப்பர்.

"சித்தப்பாவைக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"கூப்பிட்டு மூக்கறுபடணும்னு ஆசையா? அவன் வரமாட்டான்மா."

நான் கூப்பிடத்தான் போகிறேன். தாத்தாவுக்கு இரண்டே பிள்ளைகள். ஒருவர் இல்லாமல் அது என்ன நினைவு?

ஏப்ரல் 12, வியாழன்

சித்தப்பா மேல் எனக்குக் கோபமே வரமாட்டேன் என்கிறது. எனக்கு நடந்திருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

அப்போது சித்தப்பா இளவட்டம். பாடகர் குழுவில் இருந்த இன்-சுக் மேல் ஆசை, இன்னும் அவளிடமே சொல்லவில்லை. வீட்டில் தாத்தாவிடம் மட்டும் வாய்விட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறே, நூடுல்ஸுக்கு முன்னால்: "கர்த்தாவே, என் இளைய மகன் ஜோங்-கில் ராத்தூக்கம் இல்லாமத் தவிக்கிறான். சகோதரி இன்-சுக்கின் மனதைத் திருப்பும்." அந்த இன்-சுக் எதிர் மேசையில் இருந்தாள்! அறையே சிரித்தது. அவள் எழுந்து போனாள், அடுத்த மாதம் ஊரை விட்டே போய்விட்டாள். சித்தப்பா அன்றோடு ஆலயத்துக்கு முழுக்குப் போட்டார். அடுத்த துறைமுகத்தில் படகு இயந்திரப் பட்டறை வைத்தார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தாத்தாவின் அடக்கத்தன்றுகூட வாசலோடு திரும்பிவிட்டார்.

தாத்தா அப்புறம் சித்தப்பா பேரை மட்டும் ஜெபத்தில் சொல்லவே மாட்டார். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார், அவ்வளவுதான். ஐயோ தாத்தா, உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

ஏப்ரல் 15, ஞாயிறு

சித்தப்பாவிடம் ஃபோனில் பேசினேன்.

"வந்தா என்னத்தைச் சொல்லி ஜெபம் பண்ணுவீங்களோ, யாருக்குத் தெரியும்!"

"அப்பாதான் பண்றாரு சித்தப்பா. எழுதி வெச்சது. அதுல நீங்களும் இல்ல, நானும் இல்ல."

சிரித்த மாதிரிதான் இருந்தது. வைத்துவிட்டார்.

ஏப்ரல் 17, செவ்வாய்

மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போகட்டும்... இல்லை, போகக் கூடாது!

கடைத்தெருவில் பழைய ஆலய வேன் நின்றது. தாத்தா அதை ஓட்டிய அழகே அழகு. வீட்டுக்கு வீடு நிறுத்தி, உள்ளே இருப்பவர் செருப்பு மாட்டும்வரை ஹாரனை அழுத்திக்கொண்டே பாடுவார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒருமுறை வாசலில் போதையில் தூங்கிக்கொண்டிருந்தவரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனிதர்தான் இன்று ஆலயத்தின் பொருளாளர்.

ஏப்ரல் 21, சனி

வந்தார்! தலையெல்லாம் படிய வாரி, கடைசி ஆளாக வந்து வாசலோரம் உட்கார்ந்தார். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

பாட்டு, பிரசங்கம் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. சாப்பாட்டு ஜெபத்துக்கு அப்பா எழுந்து காகிதத்தைப் பிரித்தார். நல்ல ஜெபம். ஒரு பேர் இல்லை, ஒரு மூட்டுவலி இல்லை. "ஆமென்" என்று நிமிர்ந்தோம். மேசையில் ஒன்றும் இல்லை.

உள்ளேயிருந்து ஓக்-பூன் அத்தையின் குரல்: "என்ன ஆமென்? வடக்குச் சகோதரர்கள் இன்னும் வரவே இல்லையே! நான் நூடுல்ஸே போடல!"

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. அப்போது வாசலோரத்திலிருந்து சித்தப்பா எழுந்தார்.

"அண்ணே, நீ உக்காரு. நான் பாத்துக்கறேன்."

கண்ணை மூடினார். "கர்த்தாவே, நாம பேசி ரொம்ப நாளாச்சு. ஓக்-பூன் அக்காவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒரு குறையும் இல்ல. எங்கண்ணன் காகிதத்தைப் பாத்துதான் உம்மோட பேசுறாரு, மன்னிச்சுக்கும். அவரு மக ஒருத்தி, ஃபோன் போட்டே மனுஷனைக் கொல்லுறா, அவளுக்குப் பொறுமையைத் தாரும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அச்சு அசல் தாத்தா! நாடு வந்தது. வடக்குச் சகோதரர்கள் வந்தார்கள். உள்ளே நூடுல்ஸ் விழுந்தது. சித்தப்பா நிறுத்தவில்லை.

"அப்புறம், நான். ஐம்பத்திரண்டு வயசுல எனக்குக் கல்யாணம். பேரு மி-ரான், மீன் சந்தையில ஐஸ்கட்டி விக்கிறா. இன்னும் யார்கிட்டயும் சொல்லல. எங்கப்பாகிட்ட நீரே சொல்லிடும்." குரல் உடைந்தது. "இந்தத் தடவை அவரு ஊருக்கெல்லாம் சொல்லட்டும்."

ஜெபத்தின் நடுவில் அத்தனை பேரும் கண்ணைத் திறந்துவிட்டோம். அப்பாதான் முதலில் எழுந்துபோய்த் தம்பியைக் கட்டிக்கொண்டார். நூடுல்ஸ் குழைந்து களியானது. ஒருவர் பாக்கியில்லாமல் இரண்டாம் கிண்ணம் கேட்டார்கள்.

மே 6, ஞாயிறு

கீழ்த்தளத்தில் சித்தப்பாவும் மி-ரானும் என் மேசையில். அப்பா இன்று காகிதம் இல்லாமல் ஜெபித்தார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை திக்கினார். "கர்த்தாவே, என் தம்பிக்கு... இந்த வயசுல... வந்து... இந்த அழகான பெண்ணை எப்படிக் கொடுத்தீரோ, எனக்கு விளங்கல" என்றார்.

முதலில் சிரித்தது மி-ரான்தான். எழுந்து போகவில்லை, பக்கத்தில் இருந்த சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.