பாக்கெட்டின் பின்பக்கம்

ஜூலை 8, திங்கள்
அண்ணி அப்பாவுக்கு எடுத்த பிஸ்கட். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘சர்க்கரை இல்லை’. பின்பக்கம் எறும்பு சைஸில் மால்டோடெக்ஸ்ட்ரின். அதுவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். சர்க்கரை நோயாளிக்கு இதையா கொடுப்பது? கடையிலேயே, நாலு பேர் எதிரில் கேட்டேன்: “ப்ளஸ் டூ படிச்சிருக்கீங்க. பாக்கெட்டைத் திருப்பிப் பாக்கத் தெரியாதா?” அண்ணி முகம் சிறுத்துவிட்டது. தப்பு தப்புதானே.

ஜூலை 12
சாமை மாவுக்கு லேபிள் போடச் சொன்னார் முதலாளி தசரதன். மெஷின் பார்க்கும் எனக்குக் கம்ப்யூட்டரும் தெரியுமாம். மாவில் கால்வாசி வெல்லம். முன்னால் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்றிருந்தால்தான் ஓடும் என்கிறார். போட்டேன். வெல்லத்தைப் பின்னால், மூலையில். படித்துக் காட்டியதும், சாமை வறுக்கும் செல்லியம்மாள், “தெனம் வெல்லம் இடிச்சுக் கொட்டறேனே, அது இன்னா உப்பா தம்பி?” எல்லாரும் சிரித்தார்கள். வெல்லம் வேற, சர்க்கரை வேற, வேலையப் பாருங்க என்றேன்.

ஜூலை 15
ஆயிரம் பாக்கெட் கடைகளுக்குப் போனது.

ஆகஸ்ட் 5
அப்பா மயங்கி விழுந்தார். போளூர் ஆஸ்பத்திரி. சர்க்கரை 412. என்ன கொடுத்தீங்க என்று டாக்டர் கேட்டார். அண்ணி பையிலிருந்து எடுத்தது எங்கள் பாக்கெட். நான் வேலைக்குப் போனபின், மூணு வாரமாக, தினம் ரெண்டு வேளை கஞ்சி.
“தம்பி கம்பெனியோடதாச்சேன்னு திருப்பிப் பாக்கலங்க.”
டாக்டர் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அண்ணியைத் திட்டினார். “எனக்குத்தான் பாக்கத் தெரியல” என்று அண்ணி தலை குனிந்தார்.
நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல.

ஆகஸ்ட் 6
இன்னும் சொல்லல. எப்படா சொல்லுவ?

ஆகஸ்ட் 9
அப்பா வூட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிடும்போது அண்ணன் அண்ணியைக் குத்திப் பேசினான். சொல்லிவிட்டேன் — லேபிள் போட்டது நான், வெல்லம் இருப்பது தெரிந்தே. அண்ணி என் தட்டில் குழம்பு ஊற்றினார். அதத்தான் தாங்க முடியல.

ஆகஸ்ட் 12
கம்பெனியில் மீதி இருந்த பாக்கெட்டுகளின் முன்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டினேன்: ‘வெல்லம் உள்ளது. சர்க்கரை நோயாளிகளுக்கு வேண்டாம்.’ செல்லியம்மாளும் உட்கார்ந்து ஒட்டினார். போனது போனதுதான் என்கிறார் தசரதன். போனதெல்லாம் எந்த வூட்ல, யார் அப்பாவுக்கு?

ஆகஸ்ட் 18, ஞாயிறு
அதே கடை. அண்ணி ஓட்ஸ் பாக்கெட்டை நீட்டினார். முன்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.
“அது வாணாம் தம்பி. பின்னாடி படிங்க. முழுசா.”
கடையில் நாலு பேர் இருந்தார்கள். சத்தமாகவே படித்தேன்.