அடுத்த வாரம்

சிட்டுவின் அப்பாவுக்கு,

அன்புடன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் சிட்டுவும் உங்கள் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. தாராளமாக இரண்டு பேர் போர்த்திக்கொள்ளலாம். கடைக்காரர் தலையில் கட்டிவிட்டாரா, இல்லை நீங்களே யோசித்துத்தான் வாங்கினீர்களா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பாதியில் சிட்டு பிடுங்கிக்கொள்கிறாள். அவள் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகிறது. அதுவுமில்லாமல், விடுதி வராந்தாவில் நின்றுகொண்டு அழ முடியாது. போகிற வருகிற பெண்களெல்லாம் என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள்.

கையெழுத்து விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆய்வேட்டை எழுதி முடித்தாயிற்று. உங்கள் ஊர்க் கல்லூரியில் ஆங்கிலப் பாடம் நடத்தும் வேலையும் ஏறக்குறையக் கைக்கு வந்துவிட்டது. என் நெறியாளரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் போய்ச் சேர வேண்டும், அதுவும் இந்த மாதத்துக்குள். அந்த ஒரு காகிதத்தில்தான் எல்லாம் நிற்கிறது.

என் நெறியாளரை நீங்கள் பார்த்ததில்லை. துறையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘அடுத்த வாரம்’. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும், “வெச்சுட்டுப் போம்மா, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பார். கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தமாட்டார், டீ வாங்கிக் கொடுப்பார், சிட்டுவை விசாரிப்பார். திட்டுகிற ஆளாக இருந்தாலாவது சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். அவருடைய கட்டுரைத் தொகுப்புக்குப் பிழை திருத்துவது நான். அவர் மேடையில் பேசுவதை எழுதிக் கொடுப்பது நான். அவர் அறையில் எனக்கென்று ஒரு நாற்காலி, கதவுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவில். யாராவது உள்ளே வர வேண்டுமென்றால் நான் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நான் வெளியே போக வேண்டுமென்றாலும் அதே கதைதான்.

என் ஆய்வு செயப்பாட்டு வினையைப் பற்றியது என்று கல்யாணமான புதிதில் சொன்னபோது, இதற்கெல்லாமா பட்டம் கொடுக்கிறார்கள் என்று சிரித்தீர்களே. ஆங்கில நாவல்களில் யார் செய்தது என்று சொல்லாமலே எப்படியெல்லாம் காரியம் நடந்துவிடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். இப்போது நானே அதற்கு உதாரணமாகிவிட்டேன். கடிதம் பார்க்கப்படும். கையெழுத்து போடப்படும். நான் அனுப்பப்படுவேன். யாரால், எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது.

நடந்ததைச் சொல்கிறேன். கடிதம் கேட்டுப் போனபோது, “நீயே எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்து போட்டுடறேன்” என்றார். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். அவரவர் புகழை அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கூச்சத்தில் கை ஓடவில்லை. என் அறைத்தோழி மொழியியல் படிக்கிறவள். கதவை அறைந்து சாத்துவதால் அவளை ‘வல்லினம்’ என்று கூப்பிடுவோம். அவள்தான், “உன்னைப் பத்தி எழுதறோம்னு நினைக்காதடி. அவரா மாறி எழுது. அவர் பேச்சையெல்லாம் நீதானே எழுதறே” என்றாள். அது சரியாகத்தான் பட்டது. அவருடைய நடை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு வாக்கியத்துக்கு மூன்று அடைமொழி, நடுவில் ஒரு பெருமூச்சு, முடிவில் ‘இது மிகையன்று’. எழுதி முடித்துப் படித்தபோது அந்தப் பெண்மேல் எனக்கே மரியாதை வந்துவிட்டது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிசயமாக அன்றைக்கே படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். பேனாவைக் கையில் எடுத்தார். எனக்கு அப்போதே ரயிலில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இப்படிப்பட்ட ஒரு பொண்ணை நான் எப்படிம்மா விடறது? தொகுப்பு முடியட்டும். இன்னும் ஒரு வருஷம் இரு” என்றார். கண்கலங்கிச் சொன்னார். கடிதத்தைப் பத்திரமாக மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். இத்தனை வருடம் ஆங்கிலம் படித்து நான் எழுதியதில் ஒரு மனிதரை உருக வைத்தது அந்த ஒன்றுதான். மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறியது எனக்கே தெரியவில்லை.

வல்லினம் ஒரு யோசனை சொன்னாள். சோம்பேறி, எதிர்த்துப் பேசுகிறவள் என்று எழுதிக் கொடுத்தால் சந்தோஷமாகக் கையெழுத்து போட்டு அனுப்பிவிடுவார் என்றாள். அனுப்பிவிடுவார்தான். அதைப் பார்த்த பிறகு உங்கள் ஊர்க் கல்லூரி என்னைச் சேர்க்க வேண்டுமே! நல்லவள் என்றால் இங்கே விடமாட்டார்கள், பொல்லாதவள் என்றால் அங்கே எடுக்கமாட்டார்கள்.

அதனால் புதிதாக ஒன்று எழுதினேன். இரண்டே வரி. ‘இவர் தன் ஆய்வை முடித்துவிட்டார். இவரை நான் அனுப்புகிறேன்.’ அடைமொழி கிடையாது, செயப்பாட்டு வினை கிடையாது. நேற்று காலை அவர் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல என் நடையே இல்லையேம்மா. அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றார். யாரோ கதவைத் தட்டினார்கள். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அன்பில் எழுதியது என்று தெரியும். ஆனாலும் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சிட்டு பிறந்த மூன்றாம் மாதம் அவளை விட்டுவிட்டு வந்து படித்த படிப்பு இது. இப்போது வெறுங்கையோடு வந்தால் அவளை எதற்காக விட்டேன் என்று யாருக்கு என்ன பதில் சொல்வேன்? இருக்கவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. அவருடைய பிழைகளைத் திருத்துவதை மட்டும் நிறுத்திவிட்டேன். அந்தத் தாள்கள் மேஜைமேல் கிடக்கின்றன. அவர் இன்னும் கவனிக்கவில்லை. கவனித்தால் என்ன ஆகுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை போனில் சிட்டு உங்கள் அக்காவை “அம்மா, தண்ணி” என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நீங்கள் உடனே, “அத்தைன்னு சொல்லும்மா” என்று அடக்கியதும் கேட்டது. அவளைத் திருத்தாதீர்கள். இத்தனை வருடம் பிழை திருத்தியவள் சொல்கிறேன், அதில் பிழை இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பவரைக் குழந்தை அப்படித்தான் கூப்பிடும். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

சிட்டுவுக்கு என் முத்தங்கள். நோய்நொடி இல்லாமல் வளரட்டும். அம்மா எப்போது வருவாள் என்று அவள் கேட்டால் வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அடுத்த வாரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா