தெருவுக்கே என் மெயில்

மஸ்கட்
12.3.2025

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

நம் தெருவில் யாருக்கும் மெயில் இல்லையென்று பஞ்சாயத்து ஆபீசில் எல்லோரும் என் மெயிலையே கொடுத்திருக்கிறார்கள். மணியம்மாள் அத்தையின் வீட்டு வரி ரசீது, அருணா குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எனக்குத்தான் வருகின்றன. பிரிண்ட் எடுத்து, லீவில் வரும் புதுவாயல் கோவர்தனிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்திருக்கிறேன்.

அதில் பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழும் இருக்கிறது. மறந்துபோய் அதற்கும் என் மெயிலையே கொடுத்துவிட்டீர்கள். இறந்தது ஜனவரியில். போன ஞாயிறு நான் போனில் கேட்டதற்கு, "அவருக்கு இன்னாடா, நல்லாத்தான் கீறாரு" என்றீர்கள். கோபமில்லை.

அவர் போட்டோ ஒன்றும் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும் கோவர்தனிடம் கொடுத்தனுப்புங்கள்.

கம்பெனி பஸ் ஆரன் அடிக்கிறது. ஆபீசில் என் மெயிலை மட்டும் மாற்றிவிடாதீர்கள், நைனா. வீட்டுச் சேதி எனக்கு உள்ளபடி வருவது அதில்தான்.

அன்புசெல்வன்