வாசலில் நான் சொன்ன பதில்

என் கூடப்பிறந்த ராத்தாவுக்கு,

மண்ணுக்குள் இருக்கும் உங்களுக்கு முதலில் என் ஸலாம். எட்டுகிறதா? நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, ஊரும் கேட்கட்டும் என்று இன்று எழுதுகிறேன்.

போன கிழமை உங்கள் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கேட்கிறதாம்: மனுதாரர் இறந்துவிட்டார், குடும்பத்தினர் வழக்கைத் தொடர விரும்புகிறார்களா? மனுதாரர் என்பது நீங்கள்தான். டெங்கு உங்களைக் கொண்டுபோய் ஐந்து மாதமாகிறது. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மௌத்தான புள்ளைக்கு என்னத்துக்கு வழக்கு? அவள நிம்மதியா இரிக்க உடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவட பேருக்கு நேர கள்ளி எண்டு இன்னும் எழுதித்தான் இரிக்கா?" என்றும் கேட்டார்.

ஓம், எழுதித்தான் இருக்கிறது. உலகம் முழுவதும் பார்க்கக்கூடிய பட்டியலில், 'ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு ஒளித்தவர்' என்று.

நீங்கள் நாட்டுக்காக ஈட்டி எறிந்தவர். ஆகவே பரிசோதனைக்காரர் எந்த நாளும் தேடி வரலாம். தினமும் ஒரு மணித்தியாலம் எங்கே இருப்பீர்கள் என்று தொலைபேசியில் பதிந்து வைக்கவேண்டும். மச்சான் மோட்டார் சைக்கிள் விபத்தில் மௌத்தாகி, நீங்கள் இத்தாவில் இருந்தபோதும் அதை நிறுத்தவில்லை. நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் விதவைக் காலம். "எனக்கென்ன புள்ள, இப்ப ஒரே அட்ரஸ்தானே" என்றீர்கள். வீங்கிய கண்களோடு சிரிக்கவும் செய்தீர்கள்.

அந்தக் காலையில் வந்தது இரண்டு ஆண்கள். கூட வரவேண்டிய பெண் வரவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

"மிஸ் இருக்கிறதா?" என்று ஒருவர் உடைந்த தமிழில் கேட்டார்.

"இல்ல சேர்" என்றேன்.

நம் ஊரில் அதை யாரும் பொய்யாக எடுப்பதில்லை. இத்தாவில் இருப்பவரைத் தேடி ஆண்கள் வந்தால் வாசலில் சொல்லும் பதில் அது. அதற்குப் பிறகுதான் அவர்கள் அடையாள அட்டையைக் காட்டினார்கள். நான் உள்ளே ஓடி உங்களை எழுப்பியிருக்கலாம். விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தீர்கள். தொலைபேசி சத்தமில்லாமல் தலைமாட்டில் கிடந்தது. நான் அசையவில்லை. சொன்னதை மாற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது, ராத்தா. இவ்வளவு பெரிய அழிவுக்கு இவ்வளவு சிறிய காரணமா?

அவர்கள் எதிர்க்கடை முதலாளி ஜலால் காக்காவிடம் விசாரித்தார்கள். அவர் உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தார். "இத்தாவில இரிக்கிற புள்ள எங்க சேர் போற? முத்தத்தில காகம் வந்தாலும் ஆணா பொண்ணா எண்டு பாத்துட்டுத்தான் கதவத் தொறக்கும். உள்ளுக்குத்தான் இரிக்கா."

அவர்கள் திரும்பி வந்தார்கள். நான் மறுபடியும் இல்லை என்றேன். நீங்கள் உள்ளே இருந்துகொண்டே ஒளித்ததாக எழுதிக்கொண்டு போனார்கள். நான்கு வருடத் தடை விழுந்தது.

ஐரோப்பாவிலுள்ள சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் நீங்கள் மேன்முறையீடு செய்தீர்கள். கணினித் திரையில் மூன்று நடுவர்கள். கமராவில் படாமல் நான் பக்கத்தில் இருந்தேன். தலைமை நடுவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: அவர்கள் வந்தது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் அது ஒளித்தது ஆகாது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"தெரியும். தங்கச்சியை அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்" என்றீர்கள்.

திரை அணைந்த பிறகு நான் அழுதேன். "எனக்கு முப்பத்திரண்டு. இன்னும் எத்தன வருஷம் எறியப்போறன்? நீ சட்டத்தரணியா வரப்போறவ. பொய்க்காரி எண்டு ஒரு கடதாசில எழுதிட்டா ஒன்னச் சத்தியப்பிரமாணம் செய்ய உடுவானுகளா? வாய மூடிக்கிட்டு இரி" என்றீர்கள். நானும் மூடிக்கொண்டேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

உங்கள் மார்க்கத்தை மதிப்பதாகவும், ஆனால் விதிகளை ஏற்று நீங்கள் கையெழுத்திட்டிருப்பதாகவும் நடுவர்கள் எழுதினார்கள். போடாவிட்டால் மைதானத்துக்குள் விடாத கையெழுத்து எப்படிச் சம்மதம் ஆகும்? துக்க வீட்டுக்கு ஆண்களை மட்டும் அனுப்பலாமா? இவற்றைத்தான் மனித உரிமை நீதிமன்றத்திடம் கேட்டோம். நல்ல கேள்விகள். அதற்காக எத்தனை தீர்ப்புகள் வாசித்தேன். ஆனால் நம் மனு நிற்பது எனக்காக நீங்கள் சொன்ன பொய்யின் மேல்.

நேற்று சட்டத்தரணியை அழைத்து உண்மையைச் சொன்னேன். "இதை எழுதித் தந்தால் மனித உரிமை வழக்கு விழலாம். ஆனால் அந்தத் தடைத் தீர்ப்பைத் திறக்கச் சொல்லிக் கேட்க இதைவிட வேறு ஆதாரம் இல்லை" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "உங்கட சத்தியப்பிரமாணம் அடுத்த மாதம்தானே?" என்றார்.

நாளை கல்முனையில் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியில் கையெழுத்திடப் போகிறேன். உம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

நீங்கள் ஏசுவீர்கள். கனவிலாவது ஒருமுறை வந்து ஏசிவிட்டுப் போங்கள், ராத்தா. ஐந்து மாதமாக உங்கள் குரல் கேட்கவில்லை.

உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் அந்தச் சொல் அழியும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். சட்டத்தரணியாகக் கேட்க விடாவிட்டால், தங்கச்சியாகக் கேட்பேன். என் ராத்தா உறங்கிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி.

உங்களுக்குப் பின் பிறந்த ஒரே தங்கச்சி,
ஸமீஹா
பாலமுனை