தள்ளி நின்ற புள்ளி

எழுத்துகள் மேலும் கீழுமாகப் போகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள் சார். இந்த வயதில் கற்றது; ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுத எழுதச் சந்தோஷமாக இருக்கிறது. இன்று கரியாஹாட் கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் சூடு ஆறாத காகித வாசனை. உடனே உங்கள் அறை ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் உங்கள் ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளை ஊருக்குள் அலிப்பூருக்கும் பாலிகஞ்சுக்கும் சுமந்தவன் நான். அச்சிடும் முன் அவற்றைப் படித்து, போடலாம், வேண்டாம் என்று சொல்லும் பேராசிரியர்கள் அங்கே இருந்தார்கள். நீங்களும் அப்படிச் சொல்பவர்களில் ஒருவர். பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனது. எனக்கு அலைச்சல் குறைந்தது. உங்களுக்கு ஓர் ஆசை வந்தது.

"யார் எப்படித் தீர்ப்பு சொன்னாங்கன்னு எல்லாம் இதுக்குள்ள இருக்குப்பா. சின்ன ஊர்க் காலேஜ்காரனுக்கு ஒரு நியாயம், பெரிய இடத்துக்காரனுக்கு ஒரு நியாயமான்னு பார்த்துடலாம்" என்றீர்கள்.

தெரிந்தவர் பக்கம் மனம் சாயக் கூடாதென்று, தீர்ப்பு சொன்னவர்களின் பெயர்களை மறைத்து எண்களை வைத்தீர்கள். திரையில் ஆளுக்கொரு புள்ளி. ஒன்று மட்டும் தனியே தள்ளி நின்றது. "சின்னக் காலேஜ் பேரைப் பார்த்தாலே கட்டுரையைத் தூக்கிப் போட்டிருக்கார். யாருப்பா இந்தப் புண்ணியவான்?" என்று சிரித்தீர்கள். வேலை முடிந்த அன்று பெயர்களைத் திறந்து பார்த்தீர்கள். நீங்கள்தான்.

அப்போது உங்களை இதழின் முதன்மை ஆசிரியராக்கப் போவதாகப் பேச்சு. உங்களை அண்ணன் முறையில் 'தாதா' என்று கூப்பிடும் பக்கத்து அறை வங்காளப் பேராசிரியர் வந்து, "ஒரு புள்ளியை எடுத்துட்டா என்ன தாதா? யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எடுத்துட்டா படம் அழகாத்தான் இருக்கும். பொண்ணு வீட்டுக்கு அனுப்புற மாப்பிள்ளை போட்டோ மாதிரி" என்றீர்கள்.

புள்ளியை விட்டுவைத்தீர்கள். 'அது நான்தான்' என்று அந்த ஆய்வைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரியும் எழுதினீர்கள். பதவி வேறொருவருக்குப் போனது. அன்று நான் வாசலிலேயே தயங்கி நின்றேன். "என்னப்பா, துக்க வீடா இது? போய் ஜால்முடிப் பொரி வாங்கிட்டு வா, காரம் தூக்கலா" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் எழுதியவர் பெயரை மறைத்து அனுப்பும் வழக்கம் உங்கள் இதழில் வந்தது. புது இதழ் வந்தால் ஏதோ ஒரு பக்கத்தைத் தட்டி, "பேரைப் பார்த்திருந்தா இதை நான் தூக்கிப் போட்டிருப்பேன். நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்பீர்கள். தோற்றவர் முகம் இல்லை அது.

அந்த நாட்களிலிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த முகம்தான் சார். யாரையும் குறை சொல்லும் முன் என்னையும் ஒரு புள்ளியாகக் கூட்டத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். நேற்று மொட்டைமாடிக் கதவைத் திறந்து போட்டதற்காக மருமகளிடம் சத்தம் போடப் போனேன். யோசித்தால், கடைசியாக இறங்கியவன் நான். சொன்னேன், அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளைப் பற்றி நான் முன்பே சொல்லிவைத்த தீர்ப்புகள் சில மாற வேண்டியிருக்கின்றன. அடுத்த வாரம் அவற்றை எழுதுகிறேன்.