இஸ்திரிக்காரருக்கு அப்பா செய்த சவரம்

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தானா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

நீ, அறையில் கூட இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று போனில் சாதாரணமாகச் சொன்னாய். அதன் பிறகு கூப்பிட்டால் எடுப்பதில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு எச்.ஐ.வி. என்று அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கினாய், நானும் வாயைத் திறக்கவில்லை, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் அழுகிறேன்.

நம் சலூனுக்குப் பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் இறந்துவிட்டார். உன் பள்ளிச் சட்டையை விறைப்பாகத் தேய்த்து மடித்துக் கொடுப்பாரே, அவர்தான். அவருக்கும் உன் வியாதிதானாம். வருஷக்கணக்கில் மாத்திரையால் நன்றாக இருந்துவிட்டு, இனி எதற்கு என்று அவராகவே நிறுத்தினாராம். காய்ச்சல், காசநோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, இஸ்திரிப்பெட்டியைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். செத்த செய்தியைவிட வியாதிச் செய்தி வேகமாகப் பரவியது. துணி கொடுத்தவர்கள் துக்க வீட்டுக்கே வந்து அவரவர் துணியைத் தேடி எடுத்துப்போனார்கள், ஒரு அம்மாள் தன் படுக்கை விரிப்பை வாசலிலேயே வீசிவிட்டுப் போனாள். பிணத்தைத் தொட ஆளில்லை. முகத்தில் தாடி மண்டிக் கிடந்தது. அவர் மனைவி தயங்கித் தயங்கி வந்து அப்பாவைக் கேட்டாள். அப்பா சவரப் பெட்டியோடு போய், கையுறை போட்டு, புது பிளேடு மாட்டி, உயிரோடு இருப்பவருக்குச் செய்வது போல நிதானமாகச் சவரம் செய்தார். பேசியே கழுத்தை அறுக்கிற மனுஷன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்து சலூனுக்கு யாரும் வருவதில்லை. ஆளுக்கொரு புது பிளேடைக் கண்ணெதிரே பிரித்துக் காட்டுகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் வருவதில்லை. இப்போது கண்ணாடியைப் பார்த்துத்தான் அரசியல் பேசுகிறார்.

இஸ்திரிக்காரர் மனைவியைப் பரிசோதனைக்கு நான்தான் அழைத்துப்போனேன். அவளுக்கு இல்லை. ஆணுறை இல்லாமல் அவர் நெருங்கியதே இல்லை என்று சொல்லி அழுதாள். அவளைக் காப்பாற்றத் தெரிந்த மனுஷனுக்குத் தன்னைக் காப்பாற்றத் தெரியவில்லை. தெரிந்த பையன் ஒருவன் என்று சொல்லி, உன்னைப் பற்றியும் அங்கிருந்த நர்ஸிடம் கேட்டேன். நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகிவிடும், உடனே டாக்டரிடம் போய் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கம்மா, ஒழுங்கா சாப்பிட்டா எல்லாரையும் போல நெடுநாள் வாழலாம் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க பையன் எந்த ஊர்ல இருக்கான் என்றாள்.

நேற்று அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன் தன் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவனுக்கு எழுது என்றார். நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினதெல்லாம் என் காதுல விழுந்தது, எனக்குக் கோபம் இல்ல, அவன் எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வரட்டும், ஆனா இந்தக் கையால என் பிள்ளை முகத்துக்கு அந்தக் கடைசிச் சவரத்தைச் செய்ய என்னால முடியாதுன்னு எழுது என்றார். சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

இதைப் படித்ததும் முதல் வேலையாக டாக்டரிடம் போ. மாத்திரையை எங்கே வேண்டுமானாலும் மறைத்து வைத்துக்கொள், ஆனால் ஒரு நாளும் விடாதே. நீ நூறு வயது வரை நோயில்லாதவன் போல இருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து கூப்பிடு, என் எண்ணுக்கு வேண்டாம், அப்பாவைக் கூப்பிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா